கண்ணுக்குள் ஒரு பாப்பா: அனிசோகோரியா என்ற சொல்லின் கதை

நீங்கள் எழுதி அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கம் தோட்டத்து வரப்பில் களை பிடுங்கிய மாமாவுக்குச் சாயங்காலம் பார்த்தால் ஒரு கண்ணின் கருப்பு மட்டும் பெரிதாக இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டியதற்குச் சீட்டில் 'அனிசோகோரியா' என்று எழுதியிருக்கிறார்கள், சில நாளில் தானாகச் சரியாகிவிட்டது. இந்தச் சொல் எந்த மொழி, 'கோரியா' என்றால் என்ன, நர்சிங் படிக்கும் தோழி அது லத்தீனில் இதயம் என்கிறாளே அது சரியா, அப்புறம் கண்ணின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டமான பியூப்பிலும், மாணவன் என்ற பொருளில் வரும் பள்ளிக்கூடத்துப் பியூப்பிலும் ஒரே சொல்தானா?

நான் மொழி ஆராய்ச்சி செய்பவன் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் டார்ச்சும் சொட்டு மருந்துமாகக் கண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். தினமும் வாயில் வருகிற சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே உச்சரித்துக் கொண்டிருப்பது ஒரு கட்டத்தில் உறுத்த ஆரம்பித்தது, அப்போது தேடிப் படித்தது இதெல்லாம்.

முதலில் தோழி சொன்னதைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'கோர்' என்றால் இதயம், அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் இந்தச் சொல்லில் லத்தீனே கிடையாது, முழுக்கக் கிரேக்கம். 'அன்' என்றால் இல்லாத. அனீமியா என்ற ரத்தசோகையின் முன்னால் நிற்பதும் இதே 'அன்'தான். 'இசோ' என்றால் சமம். பிளஸ் டூ வேதியியலில் ஐசோமர், ஐசோடோப் என்று படித்திருப்பீர்களே, அதே ஆள். 'கோரே' என்றால் பெண்பிள்ளை, கன்னிப்பெண். கடைசியில் வரும் 'இயா' ஒரு நிலையைக் குறிக்கும் ஒட்டு, நம் 'மை' மாதிரி. ஆக, மாமாவின் சீட்டில் எழுதியிருந்ததை அப்படியே பிரித்துப் போட்டால் 'பெண்பிள்ளைகள் சமமாக இல்லாத நிலை' என்று வரும். யாராவது அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் மாமா வேறு எதையோ நினைத்துப் பயந்திருப்பார்.

கண்ணுக்குள் பெண்பிள்ளை எப்படி வந்தாள்? இதற்கு அகராதி வேண்டாம், எதிரில் ஒரு ஆள் போதும். உங்கள் அம்மாவையோ தங்கையையோ வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி எதிரே உட்கார வைத்து, ஒரு அடி தூரத்திலிருந்து அவர்களுடைய கருவிழியின் நடுவில் உற்றுப் பாருங்கள். அந்தக் கருப்பு வட்டத்துக்குள் ஒரு குட்டி ஆள் தெரிவாள். தலை, தோள், பின்னால் ஜன்னல் இருந்தால் ஜன்னல்கூட. அது நீங்கள்தான். கிரேக்கன் பார்த்ததும் அதைத்தான், பார்த்ததை அப்படியே அந்தக் கருப்பு வட்டத்துக்குப் பெயராக வைத்துவிட்டான்.

இதன் கணக்கு எனக்குப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதி, கார்னியா, வெளிப்பக்கம் புடைத்தது. அதன் மேல் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவியிருப்பதால் நன்றாகப் பளபளக்கும். வேனிலும் பஸ்ஸிலும் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறார்களே குவியாடி, அதே வேலையை இது செய்கிறது: நேராக, ஆனால் மிகச் சிறியதாகக் காட்டும். கார்னியாவின் வளைவு ஆரம் ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர், குவியத் தூரம் அதில் பாதி. 30 சென்டிமீட்டர் தூரத்தில் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு முகம் இருந்தால் அதன் பிம்பம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரும். சாதாரண வெளிச்சத்தில் கண்பாவையின், அதாவது அந்தக் கருப்பு வட்டத்தின், அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். அதாவது முகம் கச்சிதமாக உள்ளே அடங்கிவிடுகிறது! பிம்பம் உண்மையில் கார்னியாவின் பிரதிபலிப்பு, பாவைக்குள் யாரும் இல்லை; பாவை இருட்டான ஓட்டை என்பதால் அந்தக் கருப்புப் பின்னணியில் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். நாங்கள் மாறுகண் பார்க்கும்போது டார்ச் அடித்து வெளிச்சப் புள்ளி பாவையின் நடுவில் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்று பார்ப்போமே, அந்தப் புள்ளியும் இதே பிரதிபலிப்புதான். ஹிர்ஷ்பெர்க் சோதனை என்று பெயர். புள்ளி 1 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் கண் சுமார் 7 டிகிரி திரும்பியிருக்கிறது என்று ஒரு கைக்கணக்கு. முகத்துக்குப் பதில் டார்ச்சை வைத்திருக்கிறோம், மற்றபடி கிரேக்கன் பார்த்த பொம்மையைத்தான் இன்றைக்கும் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

பிளேட்டோவின் பெயரில் வழங்கும் 'அல்கிபியாடிஸ்' என்ற உரையாடலில் சாக்ரடீஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறார்: எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால் பார்ப்பவரின் முகம் கண்ணாடியில் போல அதில் தெரிகிறது, அதனால்தான் அந்த இடத்துக்குக் கோரே என்று பெயர் என்று. பிறகு கண் தன்னைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும், ஆன்மா தன்னை அறிய இன்னொரு ஆன்மா வேண்டும் என்று அவர் பாட்டுக்குத் தத்துவத்துக்குப் போய்விடுவார், நமக்கு அது வேண்டாம்.

கோரேக்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருந்தது, 'கிளேனே'. பழைய கிரேக்கக் கவிஞன் ஹோமரிடம் அது கண்மணி. அதே ஹோமரின் இலியட்டில் ட்ராய் வீரன் ஹெக்டர் போர்க்களத்தில் கிரேக்க வீரன் டையோமிடீஸைப் பார்த்து அதே சொல்லைத் திட்டாகப் போடுகிறான், அங்கே அதற்கு 'பொம்மையே' என்று பொருள் கொள்கிறார்கள். கண்மணி, பொம்மை, மறுபடியும் அதே ஜோடி. பிற்காலக் கிரேக்க மருத்துவர்கள் மூட்டில் இருக்கும் ஆழமில்லாத குழிக்கும் கிளேனே என்று பெயர் வைத்தார்கள், அது இன்றும் தோள்பட்டை எலும்பில் 'கிளினாய்டு' என்று உட்கார்ந்திருக்கிறது. உங்கள் தோழி அனாட்டமியில் கையெலும்பு வந்து உட்காரும் கிளினாய்டு குழியை மனப்பாடம் செய்திருப்பார். கண்ணிலிருந்த பொம்மை தோளுக்குப் போன கதை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, போய்ச் சொல்லுங்கள்.

இனி லத்தீன். அங்கே 'பூப்பா' என்றால் சிறுமி, பொம்மை. அதைச் செல்லமாகச் சுருக்கினால் 'பூப்பில்லா', குட்டிப் பாப்பா. கண்ணுக்குள் தெரியும் குட்டி உருவத்துக்கு ரோமானியர்கள் வைத்த பெயர் இதுதான், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பியூப்பில் ஆனது. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி இவ்வளவு சிறிய பூப்பில்லா ஒரு மனிதனின் முழு உருவத்தையும் காட்டுகிறதே என்று வியந்துவிட்டு, கையில் பிடித்த பறவைகள் பெரும்பாலும் கண்ணைப் பார்த்துக் கொத்துவதற்கும் இதுதான் காரணம், தன் உருவத்தைப் பார்த்து அதனிடம் போகின்றன என்று ஒரு விளக்கமும் கொடுக்கிறார். கோழி பிடித்துப் பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்துப் பியூப்பில்? ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு வாசல் வழியாக வந்தது. ரோமானியச் சட்டத்தில் தகப்பனை இழந்த, வயதுக்கு வராத பையனுக்குப் 'பூப்பில்லுஸ்', பெண்ணுக்குப் 'பூப்பில்லா' என்று பெயர். அவர்களுடைய சொத்தையும் காரியத்தையும் பார்த்துக்கொள்ளச் சட்டப்படி ஒரு காப்பாளர் இருப்பார், அவர் பெயர் 'டூட்டோர்'. ஆமாம், ட்யூட்டர். அநாதைப் பிள்ளையும் காப்பாளரும் நாளடைவில் மாணவனும் ஆசிரியரும் ஆகிவிட்டார்கள். டூட்டோர் என்ற சொல் வரும் வினைக்கு லத்தீனில் பார்த்துக்கொள்வது, காவல் காப்பது என்று பொருள், வெறுமனே கண்ணால் பார்ப்பதற்கும் அதே வினைதான். நம்மிலும் 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்றால் கண் வேலை மட்டுமா? ட்யூஷன் என்ற சொல்லும் அதே வினையிலிருந்து வந்ததுதான், மாதாமாதம் கட்டணம் கட்டுபவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பூப்பாவின் இன்னொரு வாரிசு தருமபுரிக்காரர்களுக்கு அன்றாடம் கையில் படுவது. பட்டுப்புழு கூடு கட்டி உள்ளே சுருண்டு கிடக்கும் நிலைக்குப் பாடப்புத்தகத்தில் பியூப்பா என்று இருக்கும், தமிழில் கூட்டுப்புழு. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸ்தான் அந்தப் பெயரையும் வைத்தார். துணி சுற்றிய பொம்மை மாதிரி இருக்கிறது, கை கால் வெளியே தெரியவில்லை, அதனால் பூப்பா. பட்டுக்கூடு அங்காடியில் சாக்கு சாக்காக வந்து இறங்குகிற கூடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு லத்தீன் பொம்மை தூங்குகிறது.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம், எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கண் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் பத்துப் பேரிடம் பேசினால் மூன்று நான்கு மொழி கேட்கும். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பாட்டி தெலுங்கில் 'கண்டிபாப்ப' என்பார். தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்தவர் கன்னடத்தில் 'கண்ணு பாப்பெ' என்பார். டவுனில் உருது பேசும் வீட்டுக்காரர்கள் 'புத்லி' என்பார்கள், அதற்கும் பொம்மை என்றுதான் பொருள். தமிழில் நாம் 'கண் பாப்பா' என்கிறோம், எழுதும்போது கண்பாவை. பாவை என்ற ஒரே சொல்லுக்குள் பொம்மை, பெண், கண்மணி மூன்றும் இருக்கின்றன. குறள் 1123-இல் தலைவன் தன் கண்ணுக்குள் இருக்கும் பாவையையே காலி செய்யச் சொல்கிறான், 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும் திருநுதற்கு இல்லை இடம்'. நான் விரும்புகிறவள் உட்கார இடமில்லை, நீ எழுந்து போ. கண்ணுக்குள் ஏற்கெனவே ஒரு பெண் குடியிருக்கிறாள் என்பது கேட்பவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி என்பதால்தான் இந்தக் குறும்பு எடுபடுகிறது.

இதோடு நிற்கவில்லை. சமஸ்கிருதத்தில் 'கனீனிகா', சிறுமியும் கண்மணியும். அரபியில் 'இன்ஸானுல் ஐன்', கண்ணின் மனிதன். பாரசீகத்தில் 'மர்துமக்', குட்டி மனிதன். எபிரேயத்தில் 'ஈஷோன்', அதுவும் குட்டி மனிதன்தான். ஸ்பானியத்தில் 'நின்யா', சிறுமி.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பாப்பா, பூப்பா என்று ஓசை ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு லத்தீன் தமிழிலிருந்து கிளம்பியது என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காதீர்கள். உதட்டைச் சேர்த்துத் திறந்தால் வருகிற 'ப'வும் 'ம'வும் எல்லா நாட்டுக் குழந்தைக்கும் சீக்கிரம் வரும் ஒலிகள், அதனால் அம்மா, அப்பா, பாப்பா வகைச் சொற்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மொழிகளிலும் ஒரே மாதிரி அமையும். பொருள் ஒத்துப்போவதற்கும் யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்து மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்த நாட்டுக்காரன் எவளுடைய கண்ணை ஒரு அடி தூரத்திலிருந்து பார்த்தாலும் உள்ளே ஒரு குட்டி ஆள் நிற்கத்தான் போகிறான். அந்தப் பெயரைக் கொடுத்தது கண்தான்.

அப்படியென்றால் உறுப்பின் பெயர் லத்தீனில் பியூப்பில் என்று இருக்க, கோளாறின் பெயர் மட்டும் ஏன் கிரேக்கத்துக்கு ஓடுகிறது? ரோமாபுரியில் வைத்தியம் பார்த்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கர்கள், வைத்திய நூல்களும் கிரேக்கத்தில்தான் இருந்தன. பிறகு ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் வந்தபோது பாடம் லத்தீனில் நடந்ததால் உறுப்புகளின் பெயர்கள் லத்தீனில் நிலைத்தன. புதுசு புதுசாக நோய்களுக்கும் அறுவைகளுக்கும் பெயர் தேவைப்பட்டபோது கிரேக்கத்தைத் தொட்டார்கள், ஏனென்றால் அதில் சொல்லோடு சொல்லை ஒட்டிப் புதுச் சொல் செய்வது சுலபம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ் என்று நம் பக்கத்துக் குடும்பங்கள் இருப்பதுபோல, ஒரே உறுப்பு வீட்டுக்குள் லத்தீனும் வெளியே கிரேக்கமும் பேசுகிறது. கார்னியா லத்தீன், கொம்பு போன்றது என்று பொருள். அதற்கு அழற்சி வந்தால் கெரடைட்டிஸ், அதே கொம்பு கிரேக்கத்தில். சிறுநீரகத்துக்கு 'ரீனல்' லத்தீன், அதன் அழற்சிக்கு 'நெஃப்ரைட்டிஸ்' கிரேக்கம்.

இந்த வகையில் எனக்குப் பிடித்த ஜோடி லென்ஸ். லத்தீனில் லென்ஸ் என்றால் மைசூர்ப் பருப்பு, அந்த உடைக்காத சின்ன வட்டப் பருப்பு, இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். நம் பக்கத்தில் விளைகிற கொள்ளும் அவரையும் அந்த வடிவத்துக்கு ஒத்துவராது. கிரேக்கத்தில் அதே பருப்புக்குப் 'ஃபாகோஸ்'. கண்புரைக்குப் போகும் பெரியவர்கள் 'பேக்கோ ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க' என்பார்களே, அந்தப் பேக்கோ இந்தப் பருப்புதான். புரை விழுந்த பருப்பை அல்ட்ராசவுண்டு அதிர்வால் கரைத்து உறிஞ்சும் முறை, 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தது. புரைக்குச் சொல்லும் கேட்டராக்ட் என்ற சொல்லுக்கோ அருவி என்று பொருள். மேலிருந்து ஏதோ நீர் வழிந்து பாவைக்குப் பின்னால் உறைந்துவிடுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள், அரபு மருத்துவர்களும் 'இறங்கும் நீர்' என்றார்கள், அதை லத்தீனில் பெயர்த்தபோது அருவி வந்து ஒட்டிக்கொண்டது. பென்னாகரத்துப் பாட்டி ஒருவரிடம் 'உங்கள் கண்ணில் ஒகேனக்கல் விழுகிறது' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை, தண்ணி எவ்வளவு வருகிறது என்று கேட்டார்.

தோழி மாதிரி மற்றவர்களும் விழக்கூடிய குழிகள் இன்னும் இரண்டு மூன்று உண்டு. கண்ணின் நடுப்படலமான 'கோராய்டு' இந்தக் கோரேயிலிருந்து வரவில்லை, அது கருவைச் சுற்றியிருக்கும் சவ்வின் பெயரான 'கோரியோன்' என்பதிலிருந்து வந்தது. கை கால் தானாக ஆடும் 'கோரியா' நோய் நடனம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றாகத் தெரியும், கிரேக்கத்தில் எழுத்தே வேறு. பாவை சுருங்குவதற்கு 'மயோசிஸ்' என்பார்கள், அது கண்ணை மூடுவது என்ற கிரேக்க வினை. உயிரியலில் வரும் செல் பிரிவு 'மயோசிஸ்' குறைவது என்ற வேறு சொல்.

மாமாவின் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வரப்பில் பிடுங்கியதில் ஊமத்தையும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதன் இலை, காய், விதை எல்லாவற்றிலும் அட்ரோபின் வகைச் சரக்கு இருக்கிறது. சாறு பட்ட கையால் ஒரு கண்ணைக் கசக்கினால் பாவையைச் சுருக்கும் தசை வேலை செய்யாமல் அந்தக் கண்ணில் மட்டும் பாப்பா பெரிதாகிவிடும். ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் பார்க்க விரிப்புச் சொட்டு விடுகிறோமே, அதுவும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அட்ரோபின் என்ற பெயரும் கிரேக்கம்தான்: மனிதனின் ஆயுள் நூலை வெட்டும் தேவதை அட்ரோபோஸ். அந்தப் பெயரைச் சுமக்கும் ஐரோப்பியச் செடிக்கு இன்னொரு பெயர் பெல்லடோனா, இத்தாலியத்தில் அழகி. ஒரே செடிக்கு எமனும் அழகியும். செடியால் வந்ததா, நரம்பால் வந்ததா என்று சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் பாவையைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். நரம்புக் கோளாறென்றால் பாவை சுருங்கும், ஊமத்தை பிடித்து வைத்திருந்தால் அசையாது.

சின்ன வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இயல்பாகவே இரண்டு பாவையும் இம்மியளவு வேறுபடும். ஆனால் திடீரென்று ஒன்று பெரிதாகி, கூடவே கடுமையான தலைவலி, இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, அல்லது தலையில் அடிபட்ட பிறகு இப்படி ஆவது என்றால் ஊமத்தையா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கோரே வரும் இன்னொரு சொல்லை மட்டும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், லூகோகோரியா. 'லூகோஸ்' என்றால் வெள்ளை, மீதியை இனி நீங்களே பிரித்துவிடுவீர்கள். கைக்குழந்தையை ஃபிளாஷ் போட்டு மொபைலில் படம் எடுக்கும்போது ஒரு கண்ணில் சிவப்பாகவும் மற்றதில் வெள்ளையாகவும் தெரிந்தால் அது படத்தின் கோளாறாகவே இருக்கலாம். ஆனால் பிறவிப் புரையாகவோ, விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தப் படத்தை அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாரமே குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.